இச்சை, ஆசை, நேசம்

எபிரேய விவிலியத்தில் 'தோதிம்' என்றொரு சொல் உண்டு. கூடலின் இன்பத்தை, உடலோடு ஒட்டிய காதலைக் குறிக்கும் சொல். உன்னதப்பாட்டு தொடங்கும்போதே காதலி தன் காதலனுடைய தோதிம் திராட்சரசத்தைவிட இனியது என்கிறாள். நீதிமொழிகள் ஏழாம் அதிகாரத்தில் இன்னொருத்தி அதே சொல்லைச் சொல்கிறாள். கணவன் தொலைதூரம் போயிருக்கிறான். தெருவில் போகும் இளைஞனைப் பிடித்து நிறுத்தி, விடியும்வரை தோதிமில் திளைக்கலாம் என்று அழைக்கிறாள். எபிரேயத்தில் இருவர் வாயிலும் ஒரே சொல். பழைய தமிழ் வேதாகமத்தில் முதலவள் சொல்வது 'நேசம்'. இரண்டாமவள் சொல்வது 'சம்போகம்'.

மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்வதற்கில்லை. ஒருத்தி புகழப்படுகிறாள், மற்றவள் எச்சரிக்கையாகக் காட்டப்படுகிறாள். இருவருக்கும் ஒரே சொல்லைக் கொடுக்க அவர்களுக்குக் கை வரவில்லை. ஆனால் எபிரேயப் புலவருக்குக் கை வந்திருக்கிறது. காமம் பற்றிய கிறித்தவச் சிந்தனையின் நீண்ட வழக்கு முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மூலநூல்கள் ஒரே சொல்லால் சொன்னதைப் பின்வந்தவர்கள் நல்லது ஒன்று, கெட்டது ஒன்று என இரண்டாகப் பிளந்தார்கள்.

மலைப்பொழிவிலும் இதே நிலைமைதான். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், ஒரு பெண்ணை இச்சையோடு பார்ப்பவன் மனத்தளவில் விபசாரம் செய்தாயிற்று என்று இயேசு சொல்கிறார். அங்கே கிரேக்க வினைச்சொல் 'எபிதுமேயோ'. யாத்திராகமத்தின் பத்தாம் கட்டளையைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்களும், பிறன் மனைவியை விரும்பாதே என்னுமிடத்தில் இதே வினையைத்தான் போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டளையில் மனைவியோடு வீடு, வேலைக்காரன், மாடு, கழுதை எல்லாம் வரிசையாக வருகின்றன. பிறனுடையதைத் தனதாக்கிக்கொள்ளத் திட்டமிடும் மனமே அங்கே குற்றம். இயேசுவின் வாக்கிய அமைப்பும் அதற்கு ஒத்துப்போகிறது: இச்சிக்கும் நோக்கத்தோடு பார்ப்பவன் என்பதே அதன் பொருள். கண்ணில் பட்டுவிட்ட அழகு அங்கே விசாரணைக்கு வரவில்லை.

அதே இயேசு லூக்கா 22-இல், பாடுபடுவதற்கு முன் சீடர்களோடு பஸ்கா உண்ணத் தான் எவ்வளவு விரும்பினேன் என்கிறார். பெயரும் வினையுமாக 'எபிதுமியா' அங்கே இரட்டித்து வருகிறது. ஆயர் பொறுப்பை நாடுகிறவன் நல்ல வேலையை நாடுகிறான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம் சொல்லும்போதும் அதே வினைதான். தமிழில் முதலாவது இச்சை, இரண்டாவது ஆசை, மூன்றாவது விருப்பம். தமிழ் மட்டுமே படிக்கும் வாசகர், மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்று ஊகிக்கவே வழியில்லை.

இனி உன்னதப்பாட்டு. கத்தோலிக்கர் 1995-ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பில் இதை 'இனிமைமிகு பாடல்' என்கிறார்கள். எட்டு அதிகாரம், 117 வசனம். ஆலயம் இல்லை, நியாயப்பிரமாணம் இல்லை, பாவமும் மீட்பும் இல்லை. கடைசி அதிகாரத்தில் காதலின் சுவாலையைச் சொல்லும் ஒரு சொல்லின் வாலில் கடவுளின் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று இலக்கணக்காரர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பிள்ளைப்பேறு பற்றிய பேச்சே கிடையாது. பெண் முதலில் பேசுகிறாள், அதிகமும் அவளே பேசுகிறாள், இரவில் தெருவில் இறங்கித் தேடுகிறாள், அவனுடைய தலை முதல் கால்வரை வருணிக்கிறாள். இப்படி ஒரு நூல் திருமறைக்குள் எப்படி வந்தது?

முதலில் யூதர்கள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். இரண்டாம் நூற்றாண்டின் ரபி அகிபா, மற்ற நூல்கள் பரிசுத்தம் என்றால் இது பரிசுத்தத்திலும் பரிசுத்தம் என்று வாதாடினார். விருந்து மண்டபத்தில் இதைக் குரல் நடுங்கப் பாடிக் கேளிக்கைப் பாட்டாக்குகிறவனுக்கு மறுவுலகில் பங்கில்லை என்றும் அவர் சொன்னதாக மரபு. அந்தக் கண்டனம் நமக்கு ஒரு செய்தியும் தருகிறது: விருந்துகளில் இதைப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கிறித்தவ வாசிப்பின் தலைவாசலில் அலெக்சாந்திரியாவின் ஓரிகன் நிற்கிறார். மூன்றாம் நூற்றாண்டில் இந்தப் பாட்டுக்குப் பத்துப் புத்தகங்களில் உரை எழுதினார். கிரேக்க மூலம் அழிந்தது. ரூஃபினுஸ் இலத்தீனில் பெயர்த்த முன்னுரையும் மூன்று புத்தகங்களும் மிஞ்சின. இளமையில் ஓரிகன் தன்னைத்தானே விதைநீக்கம் செய்துகொண்டார் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியுஸ் எழுதிவைத்திருக்கிறார். அதை நம்பாத அறிஞர்கள் உண்டு. கதை உண்மையோ பொய்யோ, அப்படிப்பட்டவர் என்று பெயரெடுத்த ஒருவரே இந்த நூலின் முதல் பெரும் உரைகாரர் என்பது வரலாற்றின் குறும்பு.

உடலின் இச்சை இன்னும் அடங்காதவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம் என்று ஓரிகன் முன்னுரையில் எச்சரிக்கிறார். ஆதியாகமத்தின் தொடக்கம், எசேக்கியேலின் தொடக்கமும் முடிவும், உன்னதப்பாட்டு ஆகிய நான்கையும் யூதர்கள் கடைசியாகத்தான் கற்பிப்பார்கள் என்ற தகவலையும் தருகிறார். பிறகு அவர் செய்வது எதிர்பாராதது. 'எரோஸ்' (காதல் வேட்கை), 'அகாபே' (அன்பு) என்ற இரண்டு கிரேக்கச் சொற்களையும் எடுத்துவைத்து, எளியவர்கள் இடறிவிடக் கூடாதென்றே திருநூல் பெரும்பாலும் இரண்டாவதைக் கையாள்கிறது, மற்றபடி பொருள் ஒன்றுதான் என்கிறார். யோவான் கடவுளை அகாபே என்றழைத்தது போல எரோஸ் என்றழைத்தாலும் தவறில்லை என்கிறார். பாட்டின் முத்தமும் மணமும் சுவையும் ஆன்மாவுக்குரிய உள்ளார்ந்த புலன்களுக்கானவை என்பது அவர் கொள்கை. உருவகம் காமத்தை மூடிமறைக்கும் போர்வை என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஓரிகனிடம் அது போர்வையாக இல்லை. காதலின் வேகம் அத்தனையையும் சிந்தாமல் எடுத்து வேறொரு திசைக்குத் திருப்பும் மடை அது.

நேர்ப்பொருள் சொன்னவர்களும் இல்லாமலில்லை. மோப்சுவெஸ்தியாவின் தியோதோர், பார்வோன் மகளை மணந்ததற்காகத் தன்னை ஏசியவர்களுக்குச் சாலொமோன் கொடுத்த பதில் இது என்றார். 553-இல் கான்ஸ்டாண்டினோப்பிளில் கூடிய ஐந்தாம் பொதுச்சங்கம் அவரைக் கண்டித்தபோது இந்தக் கருத்தும் குற்றப்பட்டியலில் ஏறியது. எரோணிமுஸ் வேறு வகை. உரோமைப் பெண்மணி ஒருத்திக்கு, மகளை வளர்க்கும் முறை பற்றி எழுதிய கடிதத்தில், விவிலியப் புத்தகங்களைக் கற்பிக்க ஒரு வரிசை போட்டு உன்னதப்பாட்டைக் கடைசியில் வைக்கிறார். அதே மனிதர், கன்னிமை காக்கும் எயூஸ்தோகியுமுக்கு 384-இல் எழுதிய கடிதத்தில், மணவாளன் கதவுத் துவாரத்தில் கை நீட்டும் காட்சியை எடுத்துத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்.

அகுஸ்தீனை எல்லாரும் திட்டுகிறார்கள். பாதி நியாயம்தான். பெயர்கூடப் பதிவாகாத ஒரு பெண்ணோடு பல ஆண்டு வாழ்ந்து மகன் பெற்று, அவளை அனுப்பிவிட்டு வருந்தியவர். கற்பைத் தா, ஆனால் சற்றுத் தாமதமாகத் தா என்று தான் வேண்டிக்கொண்டதை ஒளிக்காமல் எழுதியவர். திருமணம் தீயது என்று சொன்ன மானிக்கேயரை எதிர்த்து, பிள்ளைகள், ஒருவருக்கொருவர் உண்மை, முறியாத பிணைப்பு என மூன்று நன்மைகளை அடுக்கியவரும் அவரே. அவரை உறுத்தியது இன்பம் என்பதைவிட, உடல் சொன்னபடி கேட்பதில்லை என்ற அனுபவம். வேண்டாதபோது எழுகிறது, வேண்டும்போது மறுக்கிறது. ஆதாம் கடவுளுக்குக் கீழ்ப்படியாததற்குத் தண்டனையாக ஆதாமின் உறுப்பு அவனுக்கே கீழ்ப்படியாமல் போயிற்று என்று 'கடவுளின் நகரம்' பதினான்காம் புத்தகத்தில் விளக்குகிறார். ஏதேனில் எல்லாம் மனத்தின் ஆணைப்படி அமைதியாக நடந்திருக்குமாம். அது நடக்கக்கூடியதே என்று காட்ட, காதை ஆட்டத் தெரிந்தவர்களையும் நினைத்தபோது வியர்க்க வைத்துக்கொள்பவர்களையும் சாட்சிக்கு அழைக்கிறார். பெரும் இறையியல் நூலின் நடுவே காதாட்டிகள் வந்து நிற்பதைப் படிக்கும்போது சிரிப்பு வராமல் இருக்காது.

எதிரே நின்றவர் எக்லானம் என்ற தென்னித்தாலிய ஊரின் ஆயர் ஜூலியான். ஆயர் ஒருவரின் மகன், மணமானவர், அவருடைய திருமணத்துக்கு நோலாவின் பவுலினுஸ் வாழ்த்துக் கவிதையே பாடியிருக்கிறார். பசி, தாகம் போலக் காமமும் படைத்தவர் வைத்த இயல்பு, அளவு மீறினால்தான் பாவம் என்பது அவர் வாதம். பிறவிப் பாவத்தை மறுத்த பெலாஜியுஸைக் கண்டித்த திருத்தந்தையின் மடலில் ஒப்பமிட மறுத்துப் பதவியிழந்து நாடு நாடாக அலைந்தார். அகுஸ்தீன் 430-இல் இறக்கும்போது ஜூலியானுக்கு எழுதிய மறுப்புரை முடியாமல் கிடந்தது. மேலைத் திருச்சபை அகுஸ்தீன் பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்வில் 'எபிதுமியா' என்ற பொதுச்சொல் இலத்தீன் 'கொங்குபிசென்ஷியா'வாகி, பிறவியோடு வரும் நோயின் பெயராகிவிட்டது.

இதற்குப் பிறகு உன்னதப்பாட்டு மெல்ல மறக்கப்பட்டிருக்க வேண்டும். நடந்தது நேரெதிர். இடைக்காலத் துறவு மடங்களில் அதிகமாக உரை கண்ட நூல்களில் இதுவும் ஒன்று. பெண் வாடையே படாத மடங்களில்!

கிளேர்வோவின் பெர்நார்து 1135-இல் தன் துறவியருக்கு இந்தப் பாட்டைப் பற்றிப் பிரசங்கிக்கத் தொடங்கினார். 1153-இல் இறக்கும்போது 86 பிரசங்கங்கள் ஆகியிருந்தன. வந்து சேர்ந்திருந்த இடம் மூன்றாம் அதிகாரத்தின் வாசல். பதினெட்டு ஆண்டில் முப்பத்தைந்து வசனம். முதல் எட்டுப் பிரசங்கங்கள் ஒரு முத்தத்தைச் சுற்றியே நடக்கின்றன: பாவி பாதத்தில் முத்தமிடுகிறான், தேறியவன் கையில், முதிர்ந்தவன் வாயில், தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான முத்தமே தூய ஆவி. இருபத்தாறாம் பிரசங்கத்தின் நடுவே உரை அறுந்து, இறந்துபோன அண்ணன் ஜெரார்துக்காக வாய்விட்டு அழுகிறார். மனித நேசத்தைப் பற்றி அவர் எழுதியதிலேயே உயிரான பக்கங்கள் அவை.

ஒரு பாடபேதம் இங்கே செய்த வேலையைச் சொல்ல வேண்டும். முதலில் பார்த்த 'தோதிம்' என்ற சொல்லின் எபிரேய மெய்யெழுத்துகளைக் கிரேக்கப் பெயர்ப்பாளர்கள் வேறுவிதமாக உயிரேற்றி 'முலைகள்' என்று படித்துவிட்டார்கள். இலத்தீன் விவிலியமான வுல்காத்தாவும் அதைப் பின்பற்றியது. அதனால் ஓரிகன் முதல் பெர்நார்து வரை எல்லார் கையிலும் இருந்த பாட்டில், காதலி புகழ்வது மணவாளனின் முலைகளை. மணவாளன் கிறிஸ்து. பெர்நார்து தயங்கவில்லை. ஒன்று பொறுமை, மற்றது இரக்கம். இரண்டிலும் பால் சுரக்கிறது. மடத்தலைவன் தாயைப் போல இருக்கவேண்டும் என்று அங்கிருந்து கிளை விரிக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெர்நார்தின் சபையாரான சிஸ்டர்சியத் துறவியர் இயேசுவைத் தாயாக எழுதிய பக்கங்களுக்குப் பின்னால் இந்தப் படிப்புப் பிழையும் உண்டு. இரு சொற்களின் தடுமாற்றத்தில் முளைத்த பக்தி என்று இதை எள்ளலாம்; எனக்கு மனம் வரவில்லை.

சிஸ்டர்சியத்தார் ஏன் இவ்வளவு தோய்ந்தார்கள்? ஆய்வாளர் ஜான் லெக்லெர்க் சொன்ன விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. பழைய மடங்கள் சிறுவர்களைக் காணிக்கையாகப் பெற்று வளர்த்தன. சிஸ்டர்சியத்தார் வளர்ந்தவர்களையே சேர்த்தார்கள். உலகைப் பார்த்து, காதல் பாட்டுகளைக் கேட்டு வந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் இருந்த மொழியை அழிப்பதைவிட அதற்கு ஒரு புது முகவரி தருவது பெர்நார்துக்கு உகந்ததாகப் பட்டிருக்கிறது.

ஆனால் இந்தத் தாராளம் ஆண்களுக்கும் இலத்தீனுக்கும் மட்டும் என்பது பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் வெட்டவெளிச்சமாயிற்று. சலமாங்கா பேராசிரியரும் கவிஞருமான லூயிஸ் தெ லெயோன், இலத்தீன் தெரியாத ஒரு கன்னியாத்திரிக்காக உன்னதப்பாட்டை எபிரேயத்திலிருந்து ஸ்பானியத்தில் பெயர்த்து, நேர்ப்பொருள் உரையும் எழுதிக்கொடுத்தார். அதன் படிகள் வெளியே பரவின. 1572-இல் விசாரணை மன்றம் அவரைப் பிடித்து வய்யதோலித் சிறையில் அடைத்தது. வுல்காத்தாவைக் குறை சொன்னார் என்பதும் குற்றச்சாட்டுகளில் சேர்ந்தது. வெளியே வந்தது 1576 டிசம்பரில். அந்த மொழிபெயர்ப்பு அச்சானது 1798-இல்தான்.

அவிலாவின் தெரேசாவும் அந்தப் பாட்டின் சில வரிகளைப் பற்றித் தன் சகோதரியருக்கு எழுதிவைத்திருந்தார். எபிரேயமும் தெரியாது, இலத்தீனும் தெரியாது. வழிபாட்டில் காதில் விழுந்ததை வைத்து எழுதினார். பெண் ஒருத்தி இந்த நூலுக்கு உரை செய்வதாவது என்று பாவசங்கீர்த்தனக் குரு ஒருவர் 1580-இல் அதை எரிக்கச் சொன்னார். தெரேசா எரித்துவிட்டார். ஆனால் படிகள் வேறிடத்தில் இருந்தன. 1611-இல் பிரசல்ஸில் புத்தகமாயிற்று. அதற்கு முன் 1588-இல் தெரேசாவின் நூல்களைத் தொகுத்து முதன்முதலில் பதிப்பித்தவர் அதே லூயிஸ் தெ லெயோன். அந்தத் தொகுப்பில் உன்னதப்பாட்டுச் சிந்தனைகள் இடம்பெறவில்லை.

சீர்திருத்தச் சபையினரிடம் கதை சுருக்கமானது. இது வெறும் காதல் பாட்டு என்று சொன்ன செபாஸ்தியான் கஸ்தேலியோவுக்கு 1544-இல் ஜெனிவாவில் போதகர் பதவி மறுக்கப்பட்டது. லூத்தர் இதைச் சாலொமோன் தன் நல்லாட்சிக்குக் கடவுளைப் புகழும் அரசியல் பாட்டாக வாசித்தார். காதலை ஒதுக்கிவைக்க எத்தனையோ வழிகள் உண்டு. அவற்றுள் மிகச் சப்பையானது இது.

இவ்வளவு காவலும் உன்னதப்பாட்டுக்குத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். எசேக்கியேல் 16-ஆம், 23-ஆம் அதிகாரங்கள் இதைவிடப் பச்சையானவை. சமாரியாவும் எருசலேமும் 23-இல் அகோலாள், அகோலிபாள் என்ற இரு பெண்கள். அவர்களுடைய காதலர்களின் உறுப்பு கழுதையோடு ஒப்பிடப்படுகிறது. முடிவில் அவர்கள் ஆடை உரியப்பட்டு வெட்டுண்கிறார்கள். பதினாறாம் அதிகாரத்தைத் தொழுகைக் கூடத்தில் வாசிக்கக் கூடாது என்று ரபி எலியேசர் சொன்னார். கிறித்தவ மரபில் அந்த அளவு கூச்சம் எழவில்லை. பெண்ணுடல் தண்டிக்கப்படும்போது அது நீதிப் பிரசங்கமாகிவிடுகிறது, மகிழும்போதுதான் உரைகாரர் தேவைப்படுகிறார். ரெனிதா வீம்ஸ் 1995-இல் எழுதிய நூலும், அத்தாலியா பிரென்னர் போன்றோரின் ஆய்வுகளும் இதைக் கேள்வியாக்கிய பிறகே விவிலியக் கல்விக்கூடங்கள் விழித்துக்கொண்டன.

தமிழுக்கு வரும்போது உருவகத்துக்கு நம் இலக்கணமே துணை நின்றிருக்கிறது. எபிரேயத்தில் மரியாதைப் பன்மை இல்லை. இருவரும் ஒருவரையொருவர் ஒரே தளத்தில் விளிக்கிறார்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் அவள் அவனை 'அவர்', 'உமது', 'என் நேசர்' என்கிறாள். அவன் அவளை 'நீ', 'உன்' என்கிறான். முதல் வசனத்திலேயே காதலன் பாதி கணவனாகவும் பாதி கடவுளாகவும் உயர்ந்துவிடுகிறான். சங்கத் தலைவி தன் காதலனைக் 'கள்வன்' என்று ஒருமையில் சொல்லிவிடுவாள். வேதாகமத் தமிழ் அந்த வழியில் போகவில்லை. ஜெபத்தில் ஆண்டவரை விளிக்கும் 'உம்', 'உமது' எல்லாம் இங்கே காதலி வாயிலும் வருவதால், தமிழ்க் கிறித்தவர் காதில் இது காதலாக விழுவதற்கு முன்பே ஜெபமாக விழுந்துவிடுகிறது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருக்கு (1774–1864) இந்தத் தயக்கம் குறைவு. அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யில் சீயோன் மகளாகிய தேவமோகினி, பவனி வரும் கிறிஸ்துவின்மேல் மையல் கொள்கிறாள். குறத்தி வந்து குறி சொல்கிறாள். ஓரிகன் செய்ததையே அவர் கோயில் குறவஞ்சி மரபைக்கொண்டு செய்தார். இறைவனைக் காதலனாகப் பாடும் நாயகி பாவம் பழகிய காதுகளுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் ஹைம் ராபின் 1973-இல் ஒரு துணிந்த கருத்தை வெளியிட்டார். பெண்ணே தன் ஏக்கத்தைப் பேசுவதும் இயற்கை அவள் மனத்தோடு பின்னிவருவதும் தமிழ் அகப்பாடல்களை ஒத்திருக்கின்றன, வணிக வழியில் வந்த செல்வாக்காக இருக்கலாம் என்றார். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலுக்கு எபிரேயத்தில் 'துக்கி' என்று பெயர்; அது நம் 'தோகை' என்பது பழைய வாதம். பாட்டின் நறுமணப் பட்டியலில் வரும் 'அகலோத்' நம் அகிலோடு உறவுடையதென்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். ஆபிரகாம் மரியசெல்வம் 1988-இல் உரோமையில் வெளியிட்ட நூல் இரு மரபுகளையும் விரிவாக ஒப்புநோக்கியது. மயிலும் அகிலும் கப்பலேறியிருக்கலாம். பாட்டு ஏறியதற்குச் சான்று போதாது. எகிப்தியக் காதல் பாட்டுகள் இன்னும் நெருங்கிய சொந்தம். காதலியைச் 'சகோதரி' என்றழைப்பது அங்கும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டில் பிளந்த சொற்களை ஒட்டும் முயற்சிகள் நடந்தன. விவிலிய அறிஞர் ஃபிலிஸ் டிரிபிள் 1978-இல் 'தெஷூகா' என்ற சொல்லைப் பிடித்தார். எபிரேய விவிலியத்தில் மூன்றே இடங்களில் வரும் சொல். ஏவாளுக்கான தீர்ப்பில் பெண்ணின் தெஷூகா கணவன்மேல் இருக்கும், அவன் அவளை ஆள்வான். உன்னதப்பாட்டு ஏழாம் அதிகாரத்தில் அது திரும்புகிறது: அவனுடைய தெஷூகா அவள்மேல், ஆளுகை பற்றிய பேச்சே இல்லை. ஏதேனில் கெட்டது தோட்டப் பாட்டில் சீராகிறது என்பது டிரிபிளின் வாசிப்பு. தமிழில் முன்னது 'ஆசை', பின்னது 'பிரியம்'. இணைப்பு அறுந்துவிட்டது.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1980 அக்டோபரில், கணவன் தன் மனைவியையே இச்சைப் பொருளாக்கினால் அதுவும் உள்ளத்து விபசாரம் என்று சொன்னபோது செய்தித்தாள்கள் நகைத்தன. பத்தாம் கட்டளையை நினைத்துப் பார்த்தால் அந்த வாதம் அவ்வளவு விநோதமானதல்ல. 2005-இல் பதினாறாம் பெனடிக்ட் தன் முதல் சுற்றுமடலில் கிறித்தவம் எரோஸுக்கு நஞ்சூட்டியது என்ற நீட்சேயின் குற்றச்சாட்டை எடுத்துக்கொண்டு, கடவுளின் அன்பு எரோஸும் அகாபேயும்தான் என்று பதில் சொன்னார். ஓரிகன் முன்னுரையில் சொன்னது சுற்றுமடலுக்கு வர பதினேழு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வழிபாட்டு மேடையில் நிலைமை என்ன? கத்தோலிக்க ஞாயிறு வாசகங்களில் உன்னதப்பாட்டு ஒருமுறைகூட வருவதில்லை. திருமணத் திருப்பலிக்கு விருப்ப வாசகமாக இரண்டாம், எட்டாம் அதிகாரங்களிலிருந்து சில வசனங்கள் உண்டு. உடல் வருணனைகள் இல்லை. ஜூலை 22, மகதலா மரியா விழாவன்று மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தை வாசிக்கலாம்: இரவில் எழுந்து நகர வீதிகளில் அலைகிறாள், காவலரிடம் கேட்கிறாள், கடைசியில் அவனைக் கண்டுபிடிக்கிறாள். வாசகம் நான்காம் வசனத்தின் முற்பாதியோடு நின்றுவிடுகிறது. அவனைப் பிடித்துக்கொண்டு விடாமல், தன் தாயின் அறைக்குள் அழைத்துச் செல்வதாக அவள் சொல்வது பிற்பாதியில் இருக்கிறது. அது விடப்படுகிறது. அன்றைய நற்செய்தி யோவான் 20. அதில் உயிர்த்த இயேசு மரியாவிடம், தன்னைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டாம் என்கிறார்.